ஜால்னாக் கைப்பம்பின் வரலாறு

மராட்டிய மாநிலத்து ஜால்னா, திருச்சபை வரலாறு பயில்வோர்க்கு நாராயண சேஷாத்திரியின் பெயரால் அறிமுகமான ஊர். 1843-இல் திருமுழுக்குப் பெற்ற அவர், அவ்வூரருகே பெத்தேல் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பை நிறுவினார். அதே ஜால்னா உலகிற்களித்த பிறிதொரு கொடை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷன் பட்டறையில் உருவாயிற்று. நம் வரலாற்று நூல்களில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இடமுண்டு; பட்டறைக்கு இடம் அரிது.

தக்காணத்து எரிமலைப் பாறையில் நீர் ஆழத்தில் கிடக்கிறது. 1960களின் நடுவில் நேரிட்ட கடும் வறட்சியையொட்டி, 1967 முதல் யுனிசெஃப் கொணர்ந்த துளைப்பொறிகளால் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. ஆனால் அவற்றின்மேல் பொருத்தப்பட்டவையோ, மேல்நாட்டுப் பண்ணையில் ஒரு குடும்பத்தின் தேவைக்கென அமைந்த வார்ப்பிரும்புப் பம்புகளின் நகல்கள். காலைமுதல் இரவுவரை ஊரே கூடி அடித்தால் அவை எங்ஙனம் தாங்கும்? 1970களின் நடுவில் ஆராய்ந்தபோது பெரும்பாலானவை பழுதுற்றுக் கிடந்தன. பெண்கள் மீண்டும் குட்டைக்கும் திறந்த கிணற்றுக்கும் சென்றனர். வயிற்றுப்போக்கும் நரம்புச்சிலந்தியும் தொடர்ந்தன.

ஜால்னாப் பட்டறையினர் வார்ப்பிரும்பைக் கைவிட்டு எஃகால் பம்பு செய்தனர். சோலாப்பூரில் அது மேலும் செம்மையுற்றது. இந்திய அரசும் யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் சோலாப்பூர் அமைப்பைத் தழுவி 'இந்தியா மார்க் 2' பம்பை வகுத்தன. கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதித்தபின், சென்னைத் தொழிற்சாலையொன்றில் உற்பத்தி தொடங்கிற்று. கைப்பிடி ஒரே அச்சில் அசையும். அதன் முனையிலுள்ள வில்வளைவின்மேல் சங்கிலி படிவதால், உள்ளிருக்கும் கம்பி பக்கவாட்டில் உராயாமல் நேராக எழும். இதற்குக் காப்புரிமை எவரும் கொள்ளவில்லை. எப்பட்டறையும் செய்யலாமென விடப்பட்டதாலேயே அது ஆப்பிரிக்கா வரை பரவியது என்பது என் கருத்து.

எனினும் ஒரு குறை எஞ்சியது. அடியிலுள்ள தோல் வாசரை மாற்றவும் குழாய் முழுவதையும் மேலே தூக்கவேண்டும். அதற்கு முக்காலியும் ஆட்களும் வண்டியும் வேண்டும். நீர் இறைப்பவர் பெண்கள். பழுதுபார்க்க வருவோர் நகரத்து ஆண்கள். அவர்கள் வரும்வரை பம்பு நிற்கும். 1980களில் கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதிக்கப்பட்ட 'மார்க் 3', குழாயை அகலமாக்கி, அதனூடே உட்பாகங்களை மட்டும் வெளியே எடுக்க வழிசெய்தது.

ஆயினும் பொறி மாறுமுன் பழக்கம் மாறிய இடங்களும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில், மகிளா சமாக்யா திட்டம் பெண்களுக்குக் கைப்பம்பு பழுதுபார்க்கப் பயிற்சியளித்தது. அவர்களுள் பலர் தலித், ஆதிவாசிப் பெண்கள், எழுத்தறியாதோரும் இருந்தனர். மேல்சாதியார் கிணற்றை அணுகலாகாது எனத் தடுக்கப்பட்ட குலத்தினர், மேல்சாதித் தெருவில் நின்ற பம்பைக் கழற்றிச் செம்மைசெய்து மீண்டும் நீர் வரச்செய்தனர்.