திருவக்கரை மணற்பாறை அடுக்குகள்

திருவக்கரை மணற்பாறை அடுக்குகள்: விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், வராக நதி என்றும் செஞ்சி ஆறு என்றும் வழங்கும் சங்கராபரணியை ஒட்டிய திருவக்கரையின் செம்மண் மேடுகளில், ஓடும் நீர் கொணர்ந்து படியவைத்த மணலும் சரளையும் களியும் இறுகி அமைந்த பாறை வரிசை. கடலூர் மணற்பாறை என்னும் பெரும்படிவத்தைச் சேர்ந்தது. கல்லாய்ச் சமைந்த மரங்களாலேயே இவ்விடம் பிரசித்தி பெற்றதாயினும், அம்மரங்களைச் சுமந்துவந்த வெள்ளத்தின் சரித்திரம் மரங்களில் எழுதப்பட்டிருப்பதைக் காட்டிலும் அவற்றைப் பொதிந்துள்ள மணலின் சாய்வரிகளிலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

ஆற்றின் மேற்பகுதியான செஞ்சி, அனந்தபுரம் பக்கங்களில் இத்தகைய படிவுப்பாறை இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று கோட்டைக் குன்றுகளும் அவற்றைச் சூழ்ந்த கரடுகளும் பூமியின் ஆழத்தில் உருகி உறைந்த கடினப் பாறைகள். வெயிலாலும் மழையாலும் அப்பாறைகள் சிதையுங்கால், எளிதில் அழியாத பளிங்குத் துகள் மணலாகவும், பெல்ஸ்பார் என்னும் கனிமம் வெண்களியாகவும் பிரிகின்றன. மேற்கே மலை சிதைவதும் கிழக்கே மணல் சேர்வதும் இன்றும் ஓயாத காரியங்கள். ஆயினும் திருவக்கரை மணலைக் கொணர்ந்த பழைய ஆறு இன்றைய சங்கராபரணியின் மூதாதையா, அன்றி முற்றிலும் வேறானதொரு பேராறா என்பதை உறுதியாகக் கூறுவதற்கில்லை.

நீர் மணலை அடுக்கும் முறை நுணுக்கமானது. கோடையில் வற்றிய ஆற்றுப்படுகையில் வரிவரியாய்த் தோன்றும் அறலைச் சங்கப் புலவர்கள் மகளிர் கூந்தலுக்கு உவமை கூறினர். அவ்வரிகளை நீர் எவ்வாறு இட்டது என்பதோ பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஆராயப்பட்டது. ஓடும் நீர் மணற்பரப்பைச் சிறு திட்டுகளாகக் குவிக்கிறது. அத்திட்டின் நீர்வரவுப் பக்கம் மென்சரிவாகவும் மறுபக்கம் செங்குத்துக்கு அணித்தாயில்லாவிடினும் ஏறக்குறைய முப்பது பாகை சரிந்ததாகவும் அமைய, மென்சரிவின்மேல் உருண்டேறிய துகள்கள் முகட்டைக் கடந்து மறுபக்கத்தில் சரிந்து வீழ்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்ந்த படலங்களாகின்றன. இவ்வண்ணம் திட்டு முழுவதும் நீரோட்டத்தின் திசையில் நகர்ந்து செல்ல, அடுத்து வரும் திட்டு முன்னதன் தலையைச் சீவிவிட்டுத் தன் படலங்களை அதன்மேல் சாய்க்கிறது. பாறையாய் இறுகிய பின்னரும் அச்சாய்வு மாறுவதில்லை. படலங்கள் எத்திசை நோக்கிச் சாய்கின்றனவோ அத்திசையில் நீர் ஓடிற்று என்பது பொதுவிதி. ஹென்றி கிளிப்டன் சார்பி என்னும் ஆங்கிலேயர் 1850களில் இவ்வரிகளைக் கொண்டு பண்டைய நீரோட்டங்களை ஆராயலானார். அமெரிக்கரான கில்பர்ட், மரத் தொட்டிகளில் நீரையும் மணலையும் ஓடவிட்டுச் சோதித்து, 1914இல் வெளியிட்ட நூலில் வேகம் மிகுந்தால் திட்டுகள் அழிந்து தளம் சமமாவதையும், மேலும் மிகுந்தால் திட்டுகள் நீரோட்டத்துக்கு எதிராகவே நகர்வதையும் விவரித்தார். மணலின் விசித்திரங்களுள் இது தலையாயது.

திருவக்கரைக் கற்களைப் பற்றிய பழம்பதிவுகள் சொற்பம். தேவாரப் பாடல் பெற்ற தலமாகிய இவ்வூரில், அக்கற்கள் திருமாலால் வதைக்கப்பட்ட அசுரரின் எலும்புகள் என்று கூறும் ஐதிகம் உண்டு.

ஐரோப்பியருள் முதலாவதாக இவற்றைக் குறித்தவர் பிரெஞ்சு இயற்கைநூலறிஞர் பியர் சொன்னெரா. 1782இல் பாரிசில் வெளியான அவருடைய பிரயாண நூலில் கல்மரங்கள் இடம்பெற்றன. இந்திய மரக்கல் ஒன்றுக்கு 1855இல் பெயரிட்ட ஷ்லைடன், உயிரணுக் கொள்கையை நிறுவிய இருவருள் ஒருவரான அதே ஜெர்மானிய தாவரவியலார்.

மரங்களினின்று பாறைக்குக் கவனத்தைத் திருப்பியவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. 1851இல் தோன்றிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இளைஞராய்ச் சேர்ந்த அவர், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களை அளந்து ஆராய்ந்து 1862இல் அறிக்கை வெளியிட்டார். புதுச்சேரிப் பகுதியிலும் அரியலூர்ப் பக்கத்திலும் கடற்சிப்பிகள் மலிந்த பழைய பாறைகளையும், அவற்றுக்குப் பிற்பட்ட, செம்மை பாய்ந்த மணற்பாறைகளையும் வேறுபிரித்து, பின்னவற்றுக்குக் கடலூர் மணற்பாறை என்னும் பெயரை வழங்கினார். அதே பிளான்போர்டு 1875இல் இந்திய அரசின் வானிலைத் துறைக்குத் தலைவரானார். பாறையில் பழைய வெள்ளத்தைப் படித்தவர் பிற்காலத்தில் பருவமழையை முன்னறிய முயன்றது பொருத்தமாகவே தோன்றுகிறது.

பின்னர் ஆராய்ச்சி மீண்டும் மரங்கள்பால் சென்றது. தொல்தாவரவியலாரான பீர்பால் சாஹ்னி 1931இல் ஷ்லைடனின் மரக்கல்லை மறுஆய்வு செய்து புதுப்பெயரிட்டார். 1950களிலும் அதன் பின்னரும் ராமானுஜம் என்னும் ஆராய்ச்சியாளர் மருதம், அவரை முதலிய மரக்குடும்பங்களை ஒத்த மரக்கற்களைக் கடலூர் மணற்பாறையிலிருந்து விவரித்தார். மணலினூடே ஊறிய நீர், கரைந்த சிலிக்காவை மரத்தின் நுண்ணறைதோறும் நிரப்பியமையால் மரத்தின் அமைப்பு கல்லிலும் நிலைத்தது. கிளையும் வேரும் பட்டையும் இன்றி அடிமரங்களே கிடப்பதால், இவை இங்கு வளர்ந்தவையல்ல, வெள்ளம் அடித்துவந்தவை என்பது பெரும்பான்மையோர் கொள்கை.

படிவத்தின் காலம் விவாதத்துக்குரியது. சுமார் இரண்டு கோடி ஆண்டு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மயோசீன் காலம் என்பாரும், பிளியோசீன் காலத்தையும் சேர்த்துக் கூறுவாரும் உளர். இப்படிவத்தோடு சேர்ந்து கிடக்கும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் காலத்தைப் பற்றிய கருத்து வேற்றுமையும் இதனுடன் பிணைந்தே நிற்கிறது.

கல்மரங்கள் உள்ள நிலம் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் தேசியக் கல்மரப் பூங்காவாக உள்ளது. 1940இல் அமைந்தது என்பர். 1950களின் இறுதியில் சங்கராபரணியின் குறுக்கே கட்டப்பட்ட வீடூர் அணை, செஞ்சி மலைப்பக்கத்து மணலில் ஒரு பகுதியைத் தன் நீர்த்தேக்கத்திலேயே நிறுத்திக்கொள்கிறது.

பூங்காவுக்குச் செல்வோர் மரக்கற்களை மட்டும் கண்டு திரும்பாமல், மழைநீர் அரித்த ஓடைக்கரைகளில் சாய்ந்தோடும் வரிகளையும் நின்று பார்ப்பது நலம். கல்லில் ஒரு துண்டையும் எடுத்துச் செல்லாதிருப்பது அதனினும் நலம்.