அப்பா நிலத்துல அக்காவுக்கும் பங்கு உண்டா? கள்ளக்குறிச்சியில் ஒரு பதில், கல்வராயன் மலையில் வேறு பதில்!

“அதான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே, இன்னும் என்ன பங்கு?” பாகப்பிரிவினைப் பேச்சு எடுத்தாலே இந்த வசனம் வந்துடும். ஆனா, சீர் வேற, சொத்துரிமை வேற!

கள்ளக்குறிச்சியில் ஓர் இந்துக் குடும்பத்தின் அப்பா உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள், அவருடைய அம்மா எல்லோருக்கும் சமபங்கு. இது 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமையை 1989-லேயே தமிழ்நாடு கொண்டுவந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு மட்டும் இல்லை. அந்தத் தடையை நீக்கியது 2005-ம் ஆண்டின் மத்திய அரசுத் திருத்தம். 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பிரித்த சொத்துக்கு இது பொருந்தாது.

மலை ஏறினால் கதை மாறுது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை பழங்குடியினருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அதன் பிரிவு 2(2). அதனால் ஊர் வழக்கம்தான் முன்னால் நிற்கும்.

அதுக்காகப் பெண்களுக்கு ஒண்ணுமே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. 2025 ஜூலையில், சத்தீஸ்கரைச் சேர்ந்த பழங்குடிப் பெண்ணின் வாரிசுகளுக்கு உச்ச நீதிமன்றம் சமபங்கு கொடுத்தது. பெண்ணுக்குப் பங்கில்லை என்ற வழக்கம் அங்கே நிரூபிக்கப்படவில்லை என்பது முக்கியக் காரணம்.

முதலில் தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்க. வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. “சும்மா ஒரு கையெழுத்தும்மா” என்று நீட்டுவது விடுதலைப் பத்திரமாக இருந்தால், உங்க பங்கையே விட்டுக்கொடுக்கறீங்க. படிச்சுட்டுப் போடுங்க!