ஆயர் கைகாட்டிய அலமாரி

கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போகிற மாணவர்களில் பலர் அந்தக் கல்லூரி தாம்பரத்து மரக்காட்டுக்குள்ளேயே பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது சேலையூர்ப் பக்கம் குடிவந்தது 1937இல். அதற்கு முன்பு ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, டிராம் சத்தத்துக்கும் கோர்ட்டுக் கூட்டத்துக்கும் நடுவில் இருந்தது.

அந்தப் பழைய கட்டடத்தில் 1890களில் படித்தவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. முதல்வராக இருந்தவர் வில்லியம் மில்லர். ஷேக்ஸ்பியர் பைத்தியம் என்றே சொல்லலாம். ‘கிங் லியர்’ நாடகத்தையும் இந்திய அரசியலையும் முடிச்சுப்போட்டு 1900இல் ஒரு புத்தகமே எழுதியவர். மில்லரின் மாணவர்கள் நாடக வசனங்களைத் தலைகீழாகச் சொல்வார்கள். ஆனால் சொந்த ஊர்க் கோவிலில் பாடப்பட்ட தேவாரத்தைப் பற்றிக் கேட்டால் கிறிஸ்தவ மாணவர்களிடம் பதில் இருந்திருக்காது. படிக்கக் கூடாதென்று யாரும் தடுக்கவில்லை. படிக்கலாம் என்று எவரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அசரியா பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டு வெளியே வந்தார். 1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளரானார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் ஆயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். வயது 38. அவருக்குக் கிடைத்தது நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல் என்ற ரயில்வே ஜங்ஷன் ஊர். அவர் தமிழர், ஆளவேண்டிய மக்களோ தெலுங்கர்கள்.

இவ்வளவு வேலைக்கும் நடுவில் அவர் பெயர் இன்னொரு இடத்திலும் இடம்பிடித்தது: ‘இந்தியாவின் பாரம்பரியம்’ என்ற ஆங்கில நூல் வரிசையின் பதிப்பாசிரியர் பக்கத்தில். இணைப் பதிப்பாசிரியர் ஜே.என். ஃபார்குவர், ஒய்.எம்.சி.ஏ.வின் இலக்கியச் செயலாளர். கல்கத்தாவிலிருந்த அசோசியேஷன் பிரஸ் வெளியிட்டது. அன்றாடப் பதிப்பு வேலையில் பெரும்பங்கு ஃபார்குவருடையதாகத்தான் இருக்கும். ஆனாலும் அட்டையில் ஓர் இந்திய ஆயரின் பெயர் நிற்பது சாதாரண விஷயமில்லை. ஆயரே படிக்கச் சொல்கிறார் என்றால் சபையார் பயமில்லாமல் கையில் எடுக்கலாம்.

எதைப் படிக்கச் சொன்னார்கள்? அசோகர், கன்னட இலக்கிய வரலாறு, இந்திய ஓவியம், மராத்தி பக்தர்களின் பாடல்கள், சாங்கிய தத்துவம், தாகூர். தமிழுக்கும் தாராளமாகவே இடம் ஒதுக்கப்பட்டது: 1921இல் சைவ அடியார் பாடல்கள், 1929இல் ஹூப்பர் மொழிபெயர்த்த ஆழ்வார் பாடல்கள், 1931இல் திருக்குறள். வரிசையின் முன்னுரை, உண்மையும் அழகும் எங்கே இருந்தாலும் அதைச் சிந்தியுங்கள் என்ற பொருள்படும் பிலிப்பியர் 4:8ஐ முன்னால் வைத்துப் பேசுகிறது. எழுதுகிறவர்களுக்கு இரண்டு நிபந்தனைகள்: ஆராய்ச்சி சுத்தமாக இருக்கவேண்டும், அனுதாபத்தோடு எழுதவேண்டும். மிஷனரி அச்சகங்கள் அதுவரை தள்ளிய கண்டனப் பிரசுரங்களைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது நிபந்தனையின் எடை தெரியும்.

சைவப் பாடல்களை மொழிபெயர்த்த இருவரில் ஒருவர் ஜி.இ. பிலிப்ஸ். மற்றவர் பிரான்சிஸ் கிங்ஸ்பரி, அதாவது அழகசுந்தரம், யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளையின் மகன். தந்தை சைவர்; தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். மகன் கிறிஸ்தவராகி, பெங்களூர் இறையியல் கல்லூரியில் வேலை பார்த்தபடி அப்பரையும் சம்பந்தரையும் ஆங்கிலமாக்கினார். ஒரே குடும்பத்தின் இரண்டு தலைமுறையில் மதம் இரண்டு பக்கம் போய் வந்தது. தேவாரமும் ஏடும் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

இசைக்கான சிபாரிசு ஹெர்பர்ட் பாப்ளி எழுதிய ‘இந்திய இசை’, 1921. குறளை மொழிபெயர்த்தவரும் இவரே. லண்டன் மிஷன் சார்பில் ஈரோட்டுப் பக்கம் ஊழியம் செய்த வெள்ளைக்காரர். ராகம், தாளம், வாத்தியம் என்று ஒழுங்காகப் போகிறது புத்தகம். இதற்கு முன்பே, 1914இல், எல்.ஐ. ஸ்டீபனுடன் சேர்ந்து இசை வழியே நற்செய்தி சொல்வதற்கான கையேடு ஒன்றையும் தயாரித்திருந்தார். காலட்சேபம் எப்படிச் செய்வது என்று உபதேசியாருக்குச் சொல்லித்தரும் புத்தகம் அது.

பாப்ளி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) சரபோஜி மன்னர் காலத்திலேயே பெத்லகேம் குறவஞ்சி பாடிவிட்டார். அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதில் சாஸ்திரியாருடைய பாட்டுகள் நிறைய. இதே சாஸ்திரியார் சபைக்குள் சாதி வழக்கங்களை ஒழிக்க வந்த புதிய மிஷனரிகளோடு கடுமையாக மல்லுக்கு நின்றவர். பாட்டை எடுத்துக்கொண்ட சபை அந்தச் சண்டையைப் பாட்டுப்புத்தகத்தில் ஏற்றவில்லை. நல்லதுதான், ஆனால் மறந்துவிடவும் கூடாது.

தென்னிந்தியத் திருச்சபைக் கோவில்களில் இன்றும் இரண்டு புத்தகங்கள் இருப்பதற்கு இந்தக் கதைதான் காரணம். ‘பாமாலை’ என்றால் ஜெர்மனி, இங்கிலாந்து மெட்டில் பாடும் ஞானப்பாட்டு. ‘கீர்த்தனை’ என்றால் பல்லவி, அனுபல்லவி, சரணங்கள். தலைப்பில் பாட்டு எண்ணுக்குக் கீழே ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். செஞ்சுருட்டி, ஆதி என்று போட்டிருப்பதைப் பார்த்தால் போதும், விவரம் தெரிந்தவர் எடுத்துவிடுவார். தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை புதிதாக முளைத்த சபைகள் பலவற்றில் பாட்டு புரொஜெக்டர் திரைக்குப் போய்விட்டது. திரையில் வரிகள் வரும். ராகம், தாளம் வராது. கீபோர்டு வாசிக்கிற தம்பி ஸ்கேல் என்ன என்று கேட்பான். மெட்டு வேண்டுமானால் முன் வரிசையில் இருக்கிற பாட்டியைத்தான் கேட்கவேண்டும்.

அசரியாவின் சிபாரிசில் ஒரு பெரிய முரண் இருக்கிறது. அந்த நூல் வரிசை முழுக்க ஆங்கிலம். அவர் மறைமாவட்டத்து மாலா, மாதிகா சாதி மக்களில் பெரும்பாலோருக்குத் தெலுங்கே படிக்கத் தெரியாது. அவர்களுக்கு அவர் நீட்டியது புத்தகத்தை அல்ல, பாட்டை. கிராமத்து உபதேசியார் பத்துக் கட்டளையையும் விசுவாசப் பிரமாணத்தையும் வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பார். உள்ளூர் மெட்டில் தெலுங்குக் கீர்த்தனை, பஜனை, அறுப்புப் பண்டிகை. படித்தவர்களுக்கு நூலகம், படிக்காதவர்களுக்கு ஜால்ரா என்று கேலி செய்யலாம். ஆனால் இரண்டிலும் ஒரே எண்ணம்தான்: கிறிஸ்தவராவதற்கு வெள்ளைக்காரராக வேண்டியதில்லை.

இந்த நூல் வரிசைக்குப் பின்னாலிருந்த எண்ணத்துக்கு எதிர்ப்பு வந்தது தாம்பரத்தில். 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை கிறிஸ்தவக் கல்லூரியின் புது வளாகத்தில் சர்வதேச மிஷனரி மாநாடு கூடியது. சீனாவில் நடக்கவேண்டியது, ஜப்பானியப் போரால் இங்கே வந்தது. ஜான் ஆர். மாட் தலைமை. தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுத்துலி போன்றவர்கள் வந்தார்கள். பிரதிநிதிகள் படித்துவிட்டு வரட்டும் என்று டச்சுக்காரர் ஹெண்ட்ரிக் கிரேமரிடம் ஒரு புத்தகம் எழுதி வாங்கியிருந்தார்கள். 400 பக்கத்துக்கு மேல். சாரம்: கிறிஸ்துவில் வெளிப்பட்டது ஒரு தனி நிகழ்வு, மற்ற மதங்களின் தொடர்ச்சியாகவோ நிறைவாகவோ அதைக் காண முடியாது. ஃபார்குவர் 1913இல் எழுதியதற்கு இது நேர் எதிர். இந்து மதம் தேடியது கிறிஸ்துவில் நிறைவேறுகிறது என்பது அவர் கட்சி.

சென்னைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பி. செஞ்சையா, வி. சக்கரை, திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்து எஸ். ஜேசுதாசன் முதலானோர் சேர்ந்து இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி யோசிப்பது பற்றி ஒரு புத்தகத்தை அதே ஆண்டு கொண்டுவந்துவிட்டார்கள். கிரேமருக்குச் செஞ்சையா எழுதிய மறுப்பும் அதில் உண்டு. மாநாட்டுக்குப் படித்துவிட்டு வரவேண்டிய பட்டியல் இப்படி இரண்டானது. தாம்பரம் என்றால் உலக இறையியல் வட்டாரத்தில் இன்றும் இந்தச் சண்டையைத்தான் நினைப்பார்கள். ரயில் ஜங்ஷனை அல்ல.

மாநாடு முடிந்து எட்டாம் நாள், 1939 ஜனவரி 6 அன்று, தோர்ணக்கல்லில் எபிபனி பேராலயம் பிரதிஷ்டையானது. அசரியா பல ஆண்டுகள் கட்டியது. கோவில் மண்டபத் தூண்கள், மசூதியை நினைவூட்டும் குவிமாடங்கள், கல்லில் செதுக்கிய தாமரை. கிரேமருக்கு அசரியா கல்லிலேயே பதில் எழுதிவிட்டார் என்று சொல்லத் தோன்றும்; ஆனால் அந்தப் புத்தகம் அச்சாவதற்கு வெகு முன்பே கட்டட வேலை ஆரம்பித்துவிட்டது.