பொய்ப்பல்லில் இருந்து பொய்நகம் வரை

இலங்கையில் நெய்ல் பொலிஷுக்கு நாங்கள் சொல்ற பெயர் கியூடெக்ஸ். எந்தக் கொம்பனியின் போத்தலாக இருந்தாலும் அது கியூடெக்ஸ்தான். அமெரிக்காவில் நோர்தம் வொரன் எண்டவர் 1911 இல் நகத்தடித் தோலை மென்மையாக்கும் ஒரு திரவத்தை அந்தப் பெயரில் விற்கத் தொடங்கினார். நிறம் பூசுற பொலிஷ் அதுக்குச் சில வருடங்கள் பிறகுதான் வந்தது. நூறு வருடம் தாண்டியும் பெயர் எங்கட வாயில இருக்கு.

ஆனால் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் இப்ப கலியாணம், பட்டமளிப்பு எண்டு வந்தால் கதை கியூடெக்ஸோட முடியிறதில்லை. "நெய்ல்ஸ் போட்டாச்சா?" எண்டு கேட்கிறார்கள். முன்னம் பூசினோம், இப்ப போடுறோம். இந்த ஒரு வினைச்சொல் மாறினதுக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கு. அதில் முக்கால்வாசி பல் வைத்தியர்களின் வரலாறு எண்டதுதான் வேடிக்கை.

நீண்ட நகத்தின் மீதான ஆசை அவர்களுக்கு முந்தியது. சீனாவின் சிங் அரசவைப் பெண்கள் நீள வளர்த்த நகம் உடையாமல் இருக்க, விரல் நுனியில் உறை போட்டார்கள். பொன், வெள்ளி, கல் வைத்த உறைகள். பேரரசி சிசியை 1903 அளவில் எடுத்த புகைப்படங்களில் அவரின் மோதிர விரலும் சுண்டு விரலும் ஈட்டி மாதிரி நீண்டிருக்கும். அந்தக் கை அரிசி கழுவாது, தண்ணி அள்ளாது எண்டதைப் பார்க்கிறவருக்குச் சொல்றதுதான் உறையின் வேலை. அவருக்காக அரிசி கழுவின கைகளை ஒருத்தரும் படம் எடுக்கேல்ல. எங்கட பக்கம் நகத்தை நீட்டுறதை விட நிறம் மாத்துறதில்தான் ஆசை அதிகம். மருதோன்றி அரைத்து வைத்துவிட்டு இரவு முழுக்க கையை மடக்காமல் படுக்கிறவைக்கும் அண்டைக்கு வீட்டு வேலை இல்லைதான். ஆனால் அது ஒரு இரவு மட்டும்.

இனி பல் வைத்தியர்கள். நகம் கடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்காக மேக்ஸ்வெல் லாப்பே எண்ட பல் வைத்தியர் 1934 இல் அமெரிக்காவில் ஒரு செயற்கை நகம் செய்தார். அது பெரிசாகப் பரவேல்ல. 1954 இல் பிலடெல்பியாவில் ஃபிரெட் ஸ்லாக் எண்ட இன்னொரு பல் வைத்தியருக்கு வேலை செய்யும்போது நகம் உடைந்தது. கையில் இருந்தது பொய்ப்பல் செய்கிற அக்ரிலிக். அலுமினியத் தாளை நகத்துக்கு அடியில் தாங்கலாக வைத்து, அதன் மேல் அக்ரிலிக்கை ஊற்றி ஒரு நகத்தை உருவாக்கினார். பிறகு சகோதரரோடு சேர்ந்து அதை மெருகேற்றிக் காப்புரிமையும் எடுத்தார். இண்டைக்கு சலூனில் விரலுக்கு அடியில் சொருகிற அந்தத் தாள் அச்சு, ஸ்லாக்கின் அலுமினியத் தாளின் பேரப்பிள்ளை.

இந்த அக்ரிலிக் எண்டது என்ன? பொலிமெதில் மெதக்ரிலேற்று. உயர்தர விஞ்ஞானம் படித்தவைக்கு பெர்ஸ்பெக்ஸ் எண்டால் உடனே விளங்கும். 1930களில் தொழிற்சாலைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் விமானி அறைக் கூரை இதுதான். அந்தக் கூரை சிதறி விமானிகளின் கண்ணுக்குள் போன துண்டுகள் பெரிசாக அழற்சி உண்டாக்காததைக் கண்டுதான், ஹரோல்ட் ரிட்லி 1949 இல் லண்டனில் முதலாவது செயற்கைக் கண்வில்லையைப் பொருத்தினார். பொய்ப்பல்லின் முரசுப் பகுதிக்கு முந்திப் பாவித்த வல்கனைஸ் இறப்பரைத் துரத்தினதும் இதே பொருள்தான். விமானம், கண், பல், நகம். ஒரு பிளாஸ்டிக்குக்கு இதுக்கு மேல் என்ன வாழ்க்கை வேணும்!

பல் ஆய்வுகூடத்தில் செய்கிறதைத்தான் சலூனிலும் செய்கிறார்கள். முதலில் நகத்தின் பளபளப்பை அராவி எடுக்கிறது, எண்ணெய்ப் பசை போகத் துடைக்கிறது. நீளம் வேணுமெண்டால் பிளாஸ்டிக் நுனி ஒட்டுறது, இல்லாட்டி தாள் அச்சு சொருகுறது. பிறகு தூரிகையை மொனமர் திரவத்தில் நனைத்து, தூளில் தொட்டால் நுனியில் ஒரு சின்ன உருண்டை சேரும். அதை நகத்தில் வைத்து, இறுக முதல் தட்டிப் பரப்ப வேணும். தூளில் இருக்கிற பென்சோயில் பெரொக்சைட்டும் திரவத்தில் இருக்கிற ஊக்கியும் சந்தித்த கணத்தில் இருந்து மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோர்க்கத் தொடங்கிவிடும். சில நிமிடம்தான் அவகாசம். லாம்பு வேண்டாம், கரண்டும் வேண்டாம். கடைசியில் அராவி வடிவம் எடுக்கிறது. நகம் மாதம் 3 மில்லிமீற்றர் அளவில் வளரும் எண்டதால், இரண்டு மூன்று கிழமையில் அடியில் இடைவெளி தெரியும். அதை நிரப்பத் திரும்பவும் போக வேணும். சலூன்காரருக்கு இதைவிட நல்ல வியாபாரம் கிடையாது.

பொய்ப்பல் வாய்க்குள் போக முதலே முழுசாக இறுகிவிடும். நகமோ உங்கட விரலிலேயேதான் இறுகுது. இந்த வித்தியாசத்தின் விலை 1970களில் தெரிய வந்தது. பல் வைத்தியத்தின் திரவமான மெதில் மெதக்ரிலேற்றையே, சுருக்கமாக எம்எம்ஏ, நகத்துக்கும் அப்படியே பாவித்தார்கள். நகம் சேதமானது, விரல் வீங்கினது எண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு முறைப்பாடுகள் போயின. எம்எம்ஏ அளவுக்கு மீறி உறுதி. கார்க் கதவில் கை இடிபட்டால் பொய்நகம் உடையாமல், அடியில் இருக்கிற சொந்த நகத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். 1974 இல் விசயம் நீதிமன்றம் வரை போனது. அதுக்குப் பிறகு தரமான தயாரிப்பாளர்கள் ஈஎம்ஏ எண்ட எதில் மெதக்ரிலேற்றுக்கு மாறினார்கள். மூலக்கூறில் ஒரு காபன் அணு கூட, விலையும் கூட. அந்த விலை வித்தியாசத்தால்தான் எம்எம்ஏ இண்டு வரைக்கும் முழுசாக ஒழியேல்ல.

மூன்றாவது பல் கதை எங்கள் எல்லாருக்கும் தெரிந்த பெயர். ஜோர்ஜ் ஷாஃபர் எண்டவர் 1981 இல் அமெரிக்காவில் ஒரு சின்னப் பல் வைத்தியப் பொருள் கொம்பனியை வாங்கினார். பொய்ப்பல் அக்ரிலிக்கை நகம் செய்கிற பெண்கள் வந்து வாங்குறதைக் கண்டதும் பல்லை விட்டு நகத்துக்கு மாறினார். கொம்பனியின் பெயர் ஒடொன்டோரியம் புரொடக்ட்ஸ் இன்கோப்பரேட்டட். சுருக்கினால் ஓபிஐ. மேக்கப் கடைக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிற அந்த மூன்று எழுத்தும் கிரேக்கத்தில் பல்லைத்தான் சொல்லுது.

பொருள் இருந்தால் மட்டும் போதுமா? அதைச் செய்கிற கைகள் வேணும், அதுவும் மலிவாக வேணும். 1975 இல் சைகோன் விழுந்த பிறகு, வியட்நாமில் இருந்து ஓடி வந்தவர்களுக்கு கலிபோர்னியாவில் ஹோப் வில்லேஜ் எண்ட முகாம் இருந்தது. ஹிட்ச்கொக்கின் 'த பேர்ட்ஸ்' படத்தில் நடித்த டிப்பி ஹெட்ரன் அங்கே உதவப் போனார். தொழில் பழக்குவோம் எண்டு தையல், தட்டச்சு எல்லாம் யோசித்தார்கள். பெண்களோ அவரின் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன்னுடைய நகம் செய்பவரை அழைத்து வந்து 20 பெண்களுக்குப் பழக்குவித்தார். அந்த 20 பேரில் இருந்து விரிந்த வலையில், இண்டைக்கு அமெரிக்காவில் நகத் தொழில் செய்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வியட்நாமிய வழியினர். பணக்காரிகளின் செலவாக இருந்ததை, தாதிமாரும் காசாளர் பெண்களும் செய்யக்கூடிய விலைக்கு இறக்கினது அவர்கள்தான்.

இதை வாசிக்கும்போது எனக்கு 83க்குப் பிறகு போன எங்கட ஆட்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். பாரிஸிலும் லண்டனிலும் ரெஸ்டோரண்ட் குசினியில் கோப்பை கழுவித் தொடங்கினவர்கள். அகதிக்கு எந்த வேலை கிடைக்கும் எண்டதை அகதி தீர்மானிக்கிறதில்லை. பாஷை கொஞ்சம் போதும், கை வேகம் வேணும், உள்ளூர்க்காரருக்கு ஆசை இல்லாத வேலை. குசினிக்கும் நகமேசைக்கும் இந்த மூன்றும் பொருந்தும். 2015 இல் நியூயோர்க் டைம்ஸ் நகச் சலூன் தொழிலாளிகளின் சம்பளத்தையும் சுவாசிக்கிற காற்றையும் பற்றி எழுதின பிறகுதான், நியூயோர்க் மாநிலம் அவசர நடவடிக்கை எடுத்தது.

கொழும்புக்கு வருவம். இங்க இப்ப ஜெல்தான் ராணி. வேதியியலில் அக்ரிலிக்கின் ஒன்றுவிட்ட சகோதரி: தூள் இல்லை, மணம் குறைவு, ஒளி பட்டால்தான் இறுகும். மெல்லிசாக ஒரு பூச்சு, லாம்புக்குள் கை, திரும்ப ஒரு பூச்சு. கரண்ட் இல்லாட்டி அது வெறும் களி. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்டில் இது சின்ன விசயமில்லை. அதே வருடம் ஓகஸ்டில் 300 பொருட்களின் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தினபோது மேக்கப் சாமானும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஒட்டுற நகம் வேறு வகை. பெட்டியில் வரும், பசையோ ஸ்டிக்கரோ போட்டு அமத்தினால் சரி. வுழூ எடுக்கும்போது நகத்தில் தண்ணி பட வேணும் எண்டு பார்க்கிற தோழிகளுக்கு, விழா முடியக் கழற்றக்கூடிய ஸ்டிக்கர் வகை வசதி.

ஜெல்லின் பிரச்சினை அது இறுகாமல் விடுறதில் இருக்கு. லாம்பும் ஜெல்லும் பொருந்தாவிட்டால், பூச்சு தடிப்பாக இருந்தால், மேல்பக்கம் மினுங்கும், உள்ளே மொனமர் மிஞ்சும். அது தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம். 2018 இல் பிரித்தானியத் தோல் வைத்தியர்களின் சங்கம் இதைப் பற்றி, குறிப்பாக வீட்டில் தானே போடுகிற கிட்களைப் பற்றி, எச்சரித்தது. ஹெமா எண்ட மெதக்ரிலேற்றைத் தொழில்முறை ஆட்கள் மட்டும்தான் பாவிக்கலாம் எண்டு ஐரோப்பிய ஒன்றியம் 2021 இல் கட்டுப்படுத்தியது. ஜெல்லை இறுக வைக்கிற டிபிஓவை 2025 செப்டெம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்தது.

எங்கட நிலைமை? 1980 இன் 27ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேயே மருந்தோடு அழகுசாதனமும் இருந்தது. அதுக்குப் பதிலாக 2015 இல் வந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் மருந்து, மருத்துவ சாதனம் எண்டு பேசுது. அழகுசாதனம் நழுவிவிட்டது. ஆகவே போத்தலில் என்ன இருக்கு எண்டு பார்க்கிற பொறுப்பு இப்போதைக்கு மேசையின் இரண்டு பக்கமும் இருக்கிற பெண்களிடம். மூக்கைத் துளைக்கிற மணம், அசிற்றோனில் ஊற வைத்தும் இளகாத நகம், சந்தேகப்படுற அளவு மலிவான விலை: இவை எம்எம்ஏயின் அடையாளங்கள். வாடிக்கையாளர் மாதத்தில் ஒரு மணித்தியாலம் இருந்திட்டு எழும்பிப் போவார். மற்றப் பக்கம் இருக்கிற அக்கா நாள் முழுக்க அந்தத் தூளைத்தான் சுவாசிக்கிறார். ஜன்னல் திறந்திருக்கா, அவ மாஸ்க் போட்டிருக்கிறாவா எண்டு பார்க்கிறது வடிவு பார்க்கிறதை விட முக்கியம் எண்டுதான் நினைக்கிறேன்.

மெதக்ரிலேற்று ஒவ்வாமை ஒருக்கா வந்தால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். நகத்தோடு மட்டும் நிக்காது. மூட்டு மாற்றுச் சிகிச்சையில் பாவிக்கிற எலும்புச் சீமெந்திலும், பல் அடைக்கிற வெள்ளைக் கலவையிலும் இதே குடும்பத்து மூலக்கூறுகள்தான். நெய்ல்ஸ் போட்டு விரல் கடித்திருந்தால், அடுத்த முறை பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறக்க முதல் அதைச் சொல்லுங்கோ.