குண்டைச் சோதித்த கட்டி, கட்டியைச் சோதித்த குண்டு: ஜெலட்டின் சோதனையின் வரலாறு

சட்டைப்பையில் அடங்கும் .380 ஏ.சி.பி. கைத்துப்பாக்கிக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்பி, அதை ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்க்கும் ஆர்வலர்கள் அமெரிக்காவில் பலர். குண்டு எத்தனை அங்குலம் உள்ளே போனது, அதன் முனை எவ்வளவு விரிந்தது என்று அளந்து குறித்துக்கொள்வார்கள். கட்டியில் சுடும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. அந்தக் கட்டியை முதலில் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் நிலைபெறத்தான் ஏறத்தாழ நூறாண்டு பிடித்தது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர் 1870களிலிருந்து துப்பாக்கிக் காயங்களை ஆராய்ந்தார். தைராய்டு ஆய்வுக்காக 1909இல் நோபல் பரிசு பெற்றவர் இவர்தான். நீர் நிரப்பிய தகரப் பெட்டிகள், எலும்பு, ஜெலட்டின் எனப் பலவற்றின்மேல் சுட்டுப் பார்த்தார். அமெரிக்க ராணுவம் சென்ற வழி வேறு. 1904இல் ராணுவ அதிகாரி ஜான் தாம்சனும் மருத்துவ மேஜர் லூயிஸ் லகார்டும் சிகாகோ கால்நடைத் தொட்டியில் உயிருள்ள மாடுகளையும், வேறிடத்தில் சடலங்களையும் சுட்டுச் சோதித்தனர். .45 அங்குலத்துக்குக் குறையாத குண்டு வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை. அது 1911ஆம் ஆண்டுக் கோல்ட் துப்பாக்கிக்கு வழிவகுத்தது. மாடு விழ எவ்வளவு நேரமானது என்பதை அளவையாகக் கொண்ட சோதனையை இன்று அறிவியல் என்று ஒப்புவது கடினம். ஒரு மாடு போல இன்னொரு மாடு இராது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் நியூட்டன் ஹார்வி குழு அதிவேகப் படக்கருவிகளைக் கொண்டு, குண்டு பாயும்போது நொடியின் சிறு பங்குக்குள் விரிந்து அடங்கும் தற்காலிகக் குழிவைப் படம்பிடித்தது. கண்ணைப் பறித்த அந்தக் குழிவே பின்னாளில் ஒரு பிழைக்கும் இடம்கொடுத்தது. 1970களில் அமெரிக்க நீதித்துறையின் நிதியில் உருவான செயலிழப்புக் குறியீடு, 20 விழுக்காடு ஜெலட்டினில் தோன்றிய குழிவின் அளவை வைத்துத் தோட்டாக்களைத் தரவரிசைப்படுத்தியது. எடை குறைந்த, வேகம் மிகுந்த குண்டுகள் முன்வரிசைக்கு வந்தன. எவ்வளவு ஆழம் போகும் என்ற கேள்வி பின்தள்ளப்பட்டது.

அதன் விலை 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் தெரிந்தது. வங்கிக் கொள்ளையர் இருவருடன் நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்தனர், ஐவர் காயமடைந்தனர். கொள்ளையரில் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்த 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டாமல் நின்றது. அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டிருந்தான். மறு ஆண்டு எஃப்.பி.ஐ.யின் குவான்டிகோ மையத்தில் கூடிய வல்லுநர்கள் ஆழத்தை முதன்மைப்படுத்தினர். குறைந்தது 12 அங்குலம் என்பது வரம்பாயிற்று. 18க்கு மேல் போனால் பயனில்லை.

அந்த அங்குலங்களுக்குப் பொருள் தந்தவர் மார்ட்டின் ஃபாக்லர். வியட்நாம் போரில் அறுவை மருத்துவராக இருந்த அவர், 1981 முதல் சான் பிரான்சிஸ்கோவில் ராணுவத்தின் காய ஆய்வுக்கூடத்தை நடத்தினார். 10 விழுக்காடு ஜெலட்டினை 4 டிகிரி செல்சியசில் வைத்தால் குண்டு பாயும் ஆழம் பன்றித் தொடைத் தசையோடு ஒத்துவருவதைக் காட்டினார். கரைக்கும்போது சூடு 40 டிகிரியைத் தாண்டினால் ஜெலட்டின் வலுவிழக்கும். ஆகவே ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு தேர்வு வைத்தார்: 4.5 மி.மீ. எஃகுக் குண்டு ஒன்றைக் காற்றுத்துப்பாக்கியால் நொடிக்கு 590 அடி வேகத்தில் செலுத்தினால் அது ஏறத்தாழ 8.5 செ.மீ. போய் நிற்க வேண்டும். இந்த வரலாற்றில் மிகப் பெரிய முன்னேற்றம் இந்தக் காற்றுத்துப்பாக்கிக் குண்டுதான் என்பது என் கணிப்பு.

சிறு துப்பாக்கிக்கு வரும்போது இந்தத் தேர்வு இன்னும் முக்கியமாகிறது. 1908இல் கோல்ட் அறிமுகப்படுத்திய .380 தோட்டாவில் ஆற்றல் குறைவு. மூன்று அங்குலத்துக்கும் குட்டையான குழலில் வேகமும் குறைகிறது. முனையில் குழியுள்ள குண்டு விரிந்தால் பெரும்பாலும் 12 அங்குலத்தை எட்டாது. ஆடைக்குப் பதிலாகக் கட்டியின் முன்னால் தொங்கவிட்ட துணி அந்தக் குழியை அடைத்துவிட்டால் விரியாமலே ஆழம் போகும். நிரப்புபவர் இந்த இரண்டுக்கும் இடையிலான ஒடுங்கிய வெளியில் குண்டையும் வேகத்தையும் பொருத்தப் பார்க்கிறார். தோட்டாவின் கூடு சிறியது என்பதால் வெடிமருந்தின் அளவில் சிறு மாற்றம்கூட அழுத்தத்தை வெகுவாக மாற்றும். வேகமானி வைத்துச் சுடுபவர் பலர். எஃகுக் குண்டால் கட்டியைச் சரிபார்ப்பவர் சிலரே. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் நேரம்கழித்துச் சுட்ட கட்டி இளகியிருக்கும். பத்தரை அங்குலம் போகவேண்டிய குண்டு அதில் 12ஐத் தொடும். நிரப்பியவர் தன் கலவை தேறிவிட்டதாக நினைப்பார்.

அண்மை ஆண்டுகளில் கனிம எண்ணெய் அடிப்படையிலான செயற்கைக் கட்டிகள் வந்துள்ளன. கண்ணாடிபோல் தெளிவானவை, குளிரூட்டத் தேவையில்லை, உருக்கி மீண்டும் வார்க்கலாம். இவற்றில் விரிவும் ஆழமும் ஜெலட்டினில் உள்ளதுபோல் அமைவதில்லை. ஒரே செயற்கைக் கட்டியில் இரண்டு கலவைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 12 அங்குல வரம்போ 10 விழுக்காடு ஜெலட்டினுக்காக வகுக்கப்பட்டது.