சிவகாசிக் கல்லூரி மாணவர்களும் மருத்துவ உரிமையும்: தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டத்தின் 'குடும்பம்' என்னும் வரையறையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உயர்கல்வி வளாகங்களில் மருத்துவ வசதி குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் வளாகத்துக்குள் இருக்கும் நலவாழ்வு மையத்தையே நோக்குகின்றன. சிவகாசி வட்டாரத்தில் தொழிலாளர் வீட்டு மாணவரின் மருத்துவ உரிமை, வளாகத்தைவிடப் பெற்றோர் பணிபுரியும் ஆலையையே சார்ந்து அமைந்தது. அவ்வுரிமையின் வரலாறு, 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்ற 'குடும்பம்', 'தொழிற்சாலை' என்னும் இரு சொற்களின் வரலாறாக இருப்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிவகாசி, இ.எஸ்.ஐ., பட்டாசுத் தொழில், கல்லூரி மாணவர், சார்ந்தோர் உரிமை

முன்னுரை

வளாக மருத்துவம் என்னும் கருத்து உறைவிடக் கல்வியோடு பிறந்தது. அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1861 இல் மாணவர் உடல்நலத்துக்கெனத் தனித்துறை ஒன்றை ஏற்படுத்தியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1906 இல் மாணவர்க்கான மருத்துவமனையைப் பெர்க்லியில் தொடங்கியது. மாணவர் வளாகத்திலேயே தங்கினர். ஆகவே மருத்துவரும் அங்கு வந்தார். இந்தியப் பல்கலைக்கழகங்களின் நலவாழ்வு மையங்களும் இவ்வமைப்பைப் பின்பற்றியவையே. ஆனால் தமிழகத்தில் பட்டம் பயில்வோரில் மிகப் பெரும்பான்மையோர் பல்கலைக்கழக வளாகத்தில் பயில்வதில்லை. இணைவுக் கல்லூரிகளில் பயில்கின்றனர். 1966 இல் நிறுவப்பட்ட மதுரைப் பல்கலைக்கழகத்தின் வளாகம் நாகமலையை அடுத்துள்ளது. சிவகாசியில் காய்ச்சலோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருக்கு அவ்வளாகத்தின் மருத்துவரால் பயனில்லை. அப்படியாயின் அம்மாணவர் எங்குச் சென்றார், எந்தத் தகுதியில் சென்றார் என்பதே இங்கு எழும் வினா.

ஆலையும் கல்லூரியும்

இவ்வட்டாரத்தில் கல்வி நிறுவனங்கள் வணிகத்தின் வருவாயிலிருந்து எழுந்தன. விருதுநகர் நாடார் உறவின்முறையின் மகமைப் பணத்தில் 1889 இல் சத்திரிய வித்தியாசாலை தோன்றியது. 1947 இல் செந்திக்குமார நாடார் கல்லூரி அந்நகரில் அமைந்தது. சிவகாசியில் இத்தொடர்பு இன்னும் வெளிப்படையானது. 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியவர்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஆவர். அய்ய நாடார் பெயரையும் அவர் துணைவியார் பெயரையும் தாங்கிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963 இல் தொடங்கப்பட்டது. 1968 இல் தோன்றிய மகளிர் கல்லூரியின் பெயரிலேயே ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் என்னும் பட்டாசு நிறுவனத்தின் பெயர் இடம்பெற்றுள்ளது. கல்லூரியின் பெயர்ப்பலகையில் ஆலையின் பெயர் நிற்பது தமிழகத்தில் அடிக்கடி காணக்கூடிய ஒன்றன்று.

ஆலை கல்லூரியைத் தந்தது. மருத்துவமும் மாணவருக்கு ஆலை வழியாகவே வந்தது. ஆனால் அது கொடையாக வரவில்லை, சட்டமாக வந்தது.

'குடும்பம்' என்னும் சொல்

1948 ஏப்ரலில் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டனில் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கியது. அங்கு மருத்துவ உரிமை ஒருவர் வசிக்கும் இடத்தைப் பற்றி நின்றது. மாணவர் தாம் பயிலும் ஊரில் ஒரு மருத்துவரிடம் பெயரைப் பதிந்துகொண்டால் போதும். இங்கோ உரிமை கூலியைப் பற்றி நின்றது. கூலி பெறாத மாணவர், கூலி பெறுபவரின் உறவினர் என்ற வகையில் மட்டுமே உள்ளே வர இயலும். இத்திட்டம் 1952 இல் கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்து, 1955 இல் கோயம்புத்தூரை அடைந்தது. தொடக்கத்தில் மருத்துவப் பயன் தொழிலாளர்க்கு மட்டுமே இருந்தது. குடும்பத்தினருக்குப் பின்னரே நீட்டிக்கப்பட்டது.

அக்குடும்பத்தில் யார் யார் அடங்குவர்? மூலச் சட்டம் வாழ்க்கைத் துணையையும், தொழிலாளரைச் சார்ந்துள்ள உரிமை வயது எய்தாத பிள்ளைகளையும் குறித்தது. ஆண் தொழிலாளரின் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டது. பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைக்கு அதில் இடமில்லை. இதன் பொருள் கவனிக்கத்தக்கது. சிவகாசியில் 1963 இலும் 1968 இலும் கல்லூரிகள் தோன்றிய காலத்தில், தொழிலாளியின் பிள்ளை பட்டப்படிப்பின் தொடக்க ஆண்டுகளிலேயே தந்தையின் மருத்துவ அட்டைக்கு வெளியே நின்றது. தொழிலாளியின் பிள்ளை கல்லூரி வரை செல்லும் என்பதை 1948 இல் சட்டம் இயற்றியோர் எண்ணிப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டியுள்ளது.

1989 ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை மாற்றியது. தொழிலாளரின் வருவாயை முழுவதும் சார்ந்திருக்கும் பிள்ளை, கல்வி பயில்பவராயின், இருபத்தொரு வயது எய்தும் வரை குடும்பத்தில் சேர்க்கப்பட்டது. மணமாகாத மகளுக்கு வயது வரம்பு வைக்கப்படவில்லை. 'மாணவர்' என்னும் நிலை இச்சட்டத்தின் குடும்ப வரையறைக்குள் நுழைந்த இடம் இதுவே.

எனினும் இவ்வரையறை ஆணையும் பெண்ணையும் வெவ்வேறாக நடத்துகிறது. மகன் இளங்கலை முடிக்கும்வரை பாதுகாக்கப்படுகிறான். முதுகலையின் நடுவில் வயது வரம்பைக் கடக்கிறான். மகளின் உரிமையோ வயதால் முடிவதில்லை, திருமணத்தால் முடிகிறது. இரண்டாம் ஆண்டுப் படிப்பின்போது மணம் முடிக்கும் மாணவி, தந்தையின் அட்டையை அன்றே இழக்கிறாள். கணவர் காப்பீடு பெற்ற தொழிலாளராக இருந்தால் மட்டுமே மீண்டும் இடம்பெறுவாள். அவளது வருகைப் பதிவேடும் தேர்வு எண்ணும் மாறுவதில்லை. மருத்துவ உரிமை மட்டும் மாறிவிடுகிறது. 'முழுவதும் சார்ந்து' என்னும் தொடரும் எளியதன்று. உதவித்தொகை பெறும் ஆய்வு மாணவியோ, மாலையில் அச்சகத்தில் கணக்கெழுதும் மாணவனோ முழுவதும் சார்ந்தவர் அல்லர் என வாதிட இச்சொற்கள் இடமளிக்கின்றன.

'தொழிற்சாலை' என்னும் சொல்

மற்றொரு வரம்பு மின்விசை. மூலச் சட்டம் மின்விசையால் இயங்கும், இருபதின்மருக்குக் குறையாதோர் பணிபுரியும் இடத்தையே தொழிற்சாலை எனக் கொண்டது. பட்டாசுத் தொழிலில் மருந்து நிரப்புதல், திரி வைத்தல் முதலான பணிகள் கையால் செய்யப்படுபவை. தீப்பொறி அச்சத்தால் அங்கு எந்திரம் விலக்கப்பட்டது; எந்திரம் இல்லாமையால் மூலச் சட்டத்தின் வரையறையும் எட்டாமல் நின்றது. தொழிலாளியின் உயிரைக் காக்கும் ஏற்பாடு ஒன்றே அவருடைய காப்பீட்டுக்குத் தடையானது விந்தையே. இத்தகைய கூடங்களுக்கு மாநில அரசின் தனி அறிவிக்கை தேவைப்பட்டது. 1989 திருத்தம் மின்விசை உள்ள இடத்தில் பதின்மர், இல்லாத இடத்தில் இருபதின்மர் என்று வரையறுத்தது. 2010 திருத்தத்துக்குப் பின் இரண்டுக்கும் பதின்மர் என்றாயிற்று.

இதன் விளைவை ஒரே வகுப்பறையில் காணலாம். தீப்பெட்டி மேலொட்டுத் தாள்களிலிருந்து வளர்ந்த சிவகாசி அச்சுத் தொழில் மின்விசையால் இயங்குவது. ஆகவே பெரிய அச்சகத் தொழிலாளியின் பிள்ளைக்குத் தொடக்கம் முதலே சட்டத்தின் வாயில் எளிது. பட்டாசுத் தொழிலாளியின் பிள்ளைக்கு அது தாமதமாகத் திறந்தது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டும் தாயின் பிள்ளைக்கு எத்திருத்தமும் பயன்படவில்லை. திண்ணை எந்த வரையறையின்படியும் தொழிற்சாலை ஆகாது.

பணி நாள்களின் கணக்கும் இதனோடு சேர்கிறது. பங்களிப்பு செலுத்த வேண்டிய காலத்திலோ, நோய்ப் பயன் பெறத் தகுதியுள்ள காலத்திலோதான் மருத்துவப் பயன் கிட்டும். அத்தகுதிக்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள்கள் வேண்டும். 2018 அக்டோபரில் பேரியம் உப்புகளைத் தடைசெய்து உச்ச நீதிமன்றம் ஆணை பிறப்பித்தபின், சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஆண்டு முழுதும் வேலை பெற்றவரின் குடும்பத்துக்கு முந்தைய நாள்கள் கைகொடுத்தன. விட்டு விட்டு வேலைக்குச் சென்றவரின் குடும்பத்துக்கு அந்தக் கணக்கு எட்டவில்லை.

பள்ளிக்கு அப்பால்

அரசின் பிற ஏற்பாடுகள் இவ்விடைவெளியை நிரப்பினவா என்பது அடுத்து நோக்கத்தக்கது. 1956 இல் காமராசர் காலத்தில் விரிவுற்ற மதிய உணவுத் திட்டம் பள்ளியோடு நின்றது. 2013 இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பதினெட்டு வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்கிறது. 2009 இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012 இல் அதன் இடத்தில் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு உரியவை. கல்லூரி மாணவரின் அன்றாடத் தேவைகளான காய்ச்சல், இரத்தச்சோகை, மாதவிடாய்த் துன்பம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான புறநோயாளர் சிகிச்சை அவற்றின் நோக்கமன்று.

2012 செப்டம்பர் 5 இல் முதலிப்பட்டி ஆலை விபத்தின்போது, தீக்காயமுற்றோரில் பலர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர். மாவட்டத்துக்குள் உயர்நிலை மருத்துவம் இல்லாத குறை அன்று நாடறியத் தெரிந்தது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 இல் திறக்கப்பட்டது. வளாகமும் மருத்துவமனையும் ஒருங்கே அமைந்த அரசுக் கல்வி நிறுவனம் இம்மாவட்டத்துக்கு அப்போதுதான் கிடைத்தது. பிற கல்லூரிகளின் மாணவர் அங்கு மாணவராக அன்றி, மாவட்டத்தின் எந்தக் குடிமகனையும் போலப் புறநோயாளர் சீட்டுப் பெற்று வரிசையில் நிற்கின்றனர். தந்தையின் அட்டையில் பெயர் உள்ளவர் சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குச் செல்கின்றனர். இருபத்தொன்றைக் கடந்த ஆண் முதுகலை மாணவரின் பெயர் அந்த அட்டையில் இருப்பதில்லை.