குடும்பம் யாருக்காக இயங்குகிறது? சமூகவியல் பார்வைகளும் அகமணமும்

கல்லூரிச் சமூகவியல் நூல்கள் குடும்பம் பற்றிய பாடத்தைப் பெரும்பாலும் ஜார்ஜ் பீட்டர் மர்டாக்கிலிருந்து தொடங்குகின்றன. 1949இல் வெளியான நூலில் 250 சமூகங்களை ஒப்பிட்ட அவர், பொது இருப்பிடம், பொருளாதார ஒத்துழைப்பு, இனப்பெருக்கம் ஆகியவற்றைக் குடும்பத்தின் அடையாளங்களாகக் கொண்டார். தனிக்குடும்பம் எங்கும் உள்ளது என்றும் முடிவு செய்தார். கணவன் இரவில் மட்டும் வந்துபோகும் பழைய கேரள நாயர் தறவாடு இவ்வரையறையில் அடங்கவில்லை. கேத்லீன் கஃப் 1959இல் எழுதிய கட்டுரை இதனாலேயே புகழ்பெற்றது. குழந்தையைச் சமூகத்துக்குப் பழக்குவதும் வயதுவந்தோரின் ஆளுமையை நிலைநிறுத்துவதுமே நவீனக் குடும்பத்தின் பணிகள் என்றார் டால்கட் பார்சன்ஸ்.

பணி என்றால் யாருக்கான பணி என்ற கேள்வியை எங்கெல்ஸ் 1884இலேயே எழுப்பிவிட்டார். சொத்து தன் வாரிசுக்கே சேர வேண்டும் என்ற ஆணின் தேவையே ஒருதார மணத்தின் வேர் என்பது அவர் வாதம். பெண்ணியர்கள் இதனை ஊதியமற்ற வீட்டுவேலை, குடும்ப வன்முறை ஆகியவற்றை நோக்கி விரித்தனர்.

இந்தப் பட்டியலில் அம்பேத்கரின் பெயரைப் பாடநூல்கள் அரிதாகவே சேர்க்கின்றன. அவரைச் சாதி பற்றிய பாடத்துக்கு ஒதுக்கிவிடுவது வசதியாக இருக்கிறது போலும். ஆனால் 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழக மானுடவியல் கருத்தரங்கில் அவர் வாசித்த கட்டுரை, குடும்பத்தைப் பற்றியதுதான். புறமணமே மரபாக இருந்த குலங்களின் மீது அகமணம் ஏற்றப்பட்டபோது சாதி பிறந்தது என்கிறார். அகமணம் நிலைக்க, ஒரு குழுவுக்குள் மணவயது ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் மனைவி உபரியாகிறாள். அவள் வெளியே மணந்தால் எல்லை உடையும், உள்ளே மணந்தால் பிறர் வாய்ப்பு குறையும். எனவே உடன்கட்டை அல்லது கட்டாயக் கைம்மை. மனைவியை இழந்த ஆணுக்கோ, இன்னும் மணவயதை எட்டாத சிறுமி. மூன்று வழக்கங்களையும் ஒரே கணக்கால் விளக்கிய இவ்வாதத்தில், குடும்பம் சாதியின் விளைவு மட்டுமன்று. அதன் உற்பத்திக்கூடமும் ஆகும். பார்சன்ஸ் சொன்ன 'சமூகத்துக்குப் பழக்குதல்' நம் வீடுகளில் எதைப் பழக்குகிறது என்பது இங்கே விளங்கும்.

இது பழங்கதையன்று. 2011-12ஆம் ஆண்டின் இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வில் சாதிமறுப்புத் திருமணங்கள் சுமார் 5 விழுக்காடு மட்டுமே. வயதுவந்த இருவர் மணக்கக் குடும்பத்தின் இசைவு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சக்தி வாகினி வழக்கில் கூறியபின்னும், பாதுகாப்புக் கேட்டு வரும் இணையர் முதலில் அஞ்சுவது தம் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும்தான்.

சட்டத்தின் வழியும் சமமாக இல்லை. 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் சேர்த்த இந்து திருமணச் சட்டப் பிரிவு 7-அ, புரோகிதரின்றி உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மணக்க இடமளிக்கிறது. வழக்கறிஞர்களும் நண்பர்கள் என்ற முறையில் அதை நடத்திவைக்கலாம் என 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆயினும் இருவரும் அச்சட்டப்படி இந்துக்களாக இருக்க வேண்டும். ஒருவர் தலித் கிறித்தவரானால் இப்பிரிவு உதவாது. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாடினால், 30 நாள் அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படுகிறது; யாரிடமிருந்து தப்பி வந்தார்களோ, அவர்களும் படிக்கும்படி.